இருநூற்றுப் பதின்மூன்றாவது தாள்

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான்கு வாரமாக நீ ஃபோனை எடுக்கவில்லை. அதனால் கடிதம். விலாசத்தை உன் மேஸ்திரியிடம் வாங்கினேன். "நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர்" என்றார். சொல்லிவிட்டேன். அவரைத் திட்டாதே.

ஊரில் டைஃபாய்டு அடங்கிவிட்டது. கடைசியாகப் படுத்தவர் தபால்காரர். அவரும் எழுந்து வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார், ஆனால் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே போகிறார். இந்தக் கடிதமும் அப்படித்தான் புறப்படும்.

நகர மன்றம் ஒரு கணக்குப் போட்டிருக்கிறது. காய்ச்சலால் ஊருக்கு ஆன செலவு நான்கு லட்சமாம். பழைய குடிநீர்க் குழாயைத் தோண்டி எடுத்துப் புதிதாகப் போட இருபத்தாறு லட்சம். "நாலு லட்சம் போனதுக்கு இருபத்தாறு லட்சத்த மண்ணுல புதைக்கணுமா?" என்று தலைவர் கேட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். முப்பத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அவர்கள் கூட்டலில் தப்பில்லை. கூட்ட வேண்டியதைக் கூட்டவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி பில்லை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கூட்டியிருக்கிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பாலத்தடித் தையல்காரியை உனக்குத் தெரியும். பத்தொன்பது நாள் படுத்தாள். ஆஸ்பத்திரி பில் ஆயிரத்து எண்ணூறு. மன்றத்தின் கணக்கில் அவள் ஆயிரத்து எண்ணூறுதான். ஆனால் அவள் நாற்பது பள்ளிச் சீருடைக்கு முன்பணம் வாங்கியிருந்தாள். அதைத் திருப்பிக் கொடுத்தாள். கட்டட வேலைக்குப் போகும் கணவன் பதினொரு நாள் பக்கத்திலேயே இருந்தான். தையல் மிஷினின் மோட்டாரை விற்றார்கள். எழுந்து உட்கார்ந்தபோது பாதி வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்குப் போயிருந்தார்கள். எல்லாவற்றையும் அவள் எதிரிலேயே எழுதிக் கூட்டினேன். இருபத்தோராயிரம் வந்தது. எட்டிப் பார்த்தவள், "அடேயப்பா, இவ்ளோ பெரிய ஆளா நானு?" என்றாள்.

இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு தாள் சேர்ந்திருக்கிறது, ஒரு வீட்டுக்கோ கடைக்கோ ஒரு தாள் வீதம். எல்லாம் கூட்டினால் இருபத்து நான்கு லட்சத்து நாற்பதாயிரம். குழாயின் விலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனால் தாண்டவில்லை. தாண்டாவிட்டால் குழாய் வராது. வராத தாள் ஒன்றே ஒன்றுதான்: உன் ஐஸ் கம்பெனி.

மார்ச் இரண்டாம் தேதி உன் கேட்டில் சீல் வைத்தது, யார் வீட்டில் என்ன குடித்தார்கள் என்று நான் வீடு வீடாகக் கேட்டுக் கொடுத்த விவரத்தைப் பார்த்துத்தான். அதை மறைத்து எழுத எனக்கு வராது. கோபம் இருக்கட்டும். கோபத்தோடேயே இந்தத் தாளை எழுதி அனுப்பு. மே பன்னிரண்டில் மன்றம் கூடுகிறது.

உன் அக்கா


ஏப்ரல் 13

மதிப்பிற்குரிய ஓய்வுபெற்ற ஆசிரியை அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய தாள் கிடைத்தது. எதுவும் எழுதாமல் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தாங்கள் வீடு வீடாகப் போனபோது எல்லாரையும் கேள்வி கேட்டீர்கள். என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு என் கேட்டில் அறுபது பேர் நின்றார்கள். நான் பனியனோடு வெளியே வந்தேன். "எதுக்குங்க சீல்?" என்று சுகாதார ஆய்வாளரிடம் கேட்டேன். "உங்க அக்கா குடுத்த விவரந்தாங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். என் மனைவி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்தது.

இருபத்திரண்டு வருஷம் ஐஸ் போட்டவன் நான். என் ஐஸ் பார் கட்டிக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் இந்தப் பக்கமிருந்து படிக்கலாம். ஊர் எனக்கு வைத்த பெயரே கண்ணாடிக்காரர். மூன்று ஊர் ஜூஸ் கடைகள் என்னிடம் வாங்கியது விலைக்காக இல்லை. என் ஐஸில் குளோரின் வாடை இருக்காது. நகரத் தண்ணீரை அப்படியே யாரும் ஐஸ் ஆக்கலாம். நான் அதை மேல்தொட்டியில் ஏற்றி, மூடியில்லாமல் ஒரு பகல் முழுக்க வெயிலில் விட்டு, வாடை போன பிறகுதான் அச்சில் ஊற்றுவேன். அதற்காகவே இரண்டாவது தொட்டி கட்டினேன். எவனும் செய்யாத வேலை அது. அந்தத் தொட்டியைத்தான் ஆய்வாளர் கையை நீட்டி, "இதாங்க காரணம்" என்று அறுபது பேருக்கும் காட்டினார்.

இப்போது தங்கள் கூட்டல் தாண்டுவதற்கு என் நஷ்டம் வேண்டுமாம். ஊரை நோயில் தள்ளியவன் என்று பெயரும் வாங்கி, ஊரோடு சேர்ந்து கையேந்தி வரிசையிலும் நிற்க வேண்டுமா? வேறு ஆளைப் பாருங்கள்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

தாங்கள், தங்கள் என்று நெடுக எழுதியிருக்கிறாய். படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வேறு என்னவோ வந்தது.

நீ என் வகுப்பில் உட்கார்ந்த இரண்டு வருஷமும் உன் மதிப்பெண்ணை நான் வீட்டில் சொன்னதில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம், "பாஸா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்று கெஞ்சுவாய். நாளைக்கு வகுப்பில் தெரிந்துகொள் என்பேன். அப்பாவே ஒருமுறை கேட்டார். அவருக்கும் சொல்லவில்லை. அதில் எனக்கு எவ்வளவு பெருமை! வீட்டு ஆளுக்கு ஒரு நியாயம், வெளி ஆளுக்கு ஒரு நியாயம் என்று என்னை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது.

அதே பெருமையோடுதான் மார்ச் ஒன்றாம் தேதி மாலை உன் வீட்டைத் தாண்டி நடந்து ஆய்வாளரிடம் போனேன். உன் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பரீட்சைத் தாள் ஒரு நாள் காத்திருக்கும், நோய் காத்திருக்காது. நான் உள்ளே வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே நீ ஐஸை நிறுத்தியிருப்பாய். நீ நிறுத்தியிருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் விடிவதற்கு முன் எழுபது பார் ஐஸ் வெளியே போயிருக்காது. விவரத்தைக் கொடுத்தது தப்பில்லை. உன்னிடம் சொல்லாமல் கொடுத்தது தப்பு. அந்த எழுபது பார் என் கணக்கு, உன் கணக்கு இல்லை.

இனி நீ கேட்காத கேள்விக்குப் பதில். முதலில் படுத்த ஐம்பத்தெட்டு வீடும் பழைய குழாய் போகும் மூன்று தெருவில்தான் இருக்கின்றன. அந்தக் குழாயில் சாக்கடையை ஒட்டி ஒரு வெடிப்பு. பம்ப் நிற்கும்போதெல்லாம் வெளியே இருப்பதைக் குழாய் உள்ளே இழுத்துக்கொண்டது. உன் கம்பெனிக்கும் அதே குழாய்தான். பத்து நாள் கழித்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் காய்ச்சல் தொடங்கியது. அங்கே தண்ணீர் வேறு கிணற்றிலிருந்து வருகிறது. அந்த வீடுகளில் குடித்தது உன் ஐஸ் போட்ட ஜூஸ். அழுக்கை அனுப்பியது குழாய். ஆனால் அழுக்கோடு ஒரு காவல்காரனும் வந்தான் இல்லையா, குளோரின், அவன் வாடை பிடிக்கவில்லை என்று நீ வெயிலில் நிற்க வைத்து அனுப்பிவிட்டாய். குழாயடியில் உடனே குடித்தவர்களைக் காக்க அவனுக்கு நேரமில்லை, மூடிய தொட்டியில் இருந்திருக்கும். ஊரிலேயே மிகச் சுத்தமான ஐஸ் போட வேண்டும் என்று நினைத்தவன்தான் இதைச் செய்திருக்க முடியும். சோம்பேறி செய்திருக்க மாட்டான்.

இன்னொன்று. உன் ஆட்கள் பதினான்கு பேர் வீட்டுக்கும் போனேன். வேலையில்லாத நாளுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் மேஸ்திரி வீட்டு அம்மாதான் சொன்னாள்: "பாதிச் சம்பளம் வந்துக்கிட்டு இருக்கு டீச்சர். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு ஆர்டர்." உன் வேனை ஆறு வாரமாக ஊரில் காணோமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

வெறும் தாள் மறுபடியும் வைத்திருக்கிறேன். என்னிடம் நிறைய இருக்கிறது. நீ திருப்பி அனுப்பிக்கொண்டே இரு, எனக்குத் தபால் செலவுதான்.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

மேஸ்திரிக்கு ரகசியம் வயிற்றில் தங்காது, சரி. அவர் வீட்டு அம்மாவுமா?

நான் இங்கே முதலாளி இல்லை. உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் நானே எழுதுகிறேன். இந்த ஊர் ஐஸ் கம்பெனியில் மிஷின் ஆள். பன்னிரண்டு மணி நேர வேலை. முதலாளிக்கு என் வயதில் பாதி. "யோவ் புது ஆளு" என்றுதான் கூப்பிடுகிறார். அறுபது குதிரைத் திறன் கம்ப்ரஸரின் கோளாறைச் சத்தத்தை வைத்தே சொல்லத் தெரிந்தவனை அவர் புது ஆளு என்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. முதல் வாரம் சிரிப்பாக இல்லை.

இங்கே தொட்டிக்கு மூடி உண்டு, பூட்டும் உண்டு. தினம் காலையில் ஒரு கண்ணாடிக் குழலில் தண்ணீர் எடுத்து மருந்து விடுகிறார்கள். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். உன் கடிதம் வந்த அன்று நான் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக் கொல்லைப்பக்கம் வெயிலில் வைத்தேன். நம் ஊரில் வைப்பதுபோலவே ஒரு பகல். சாயங்காலம் யாரும் இல்லாதபோது மருந்து விட்டேன். மஞ்சளாகவில்லை. மறுநாளும் வைத்தேன், அதற்கு மறுநாளும் வைத்தேன். மூன்று தடவையும் நிறம் மாறாமல் வெறும் தண்ணீராகவே நின்றது. அதற்குமேல் வைக்கவில்லை.

நீ சொன்னது சரி. அது எனக்கு மார்ச் இரண்டாம் தேதியே தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்ததால்தான் உன்மேல் அவ்வளவு கோபம்.

தாளை ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். கையேந்த மாட்டேன் என்று வீம்பாக எழுதினேன். அது முழு உண்மை இல்லை. மேஸ்திரி பெண்ணை நினைத்துப் பார். தினமும் பள்ளி விட்டு வரும்போது கேட்டில் நிற்பாள். அப்பாவைப் பார்க்க என்று பெயர், உண்மையில் ஐஸுக்கு. நான் என் கையால் உடைத்துக் கொடுப்பேன். கடை ஜூஸில் போனதற்கு யார் யாரையோ சொல்லலாம். அவளுக்கு என் கையிலிருந்து போனது. முப்பத்தொரு நாள் கிடந்தாள். அவளுக்கு ஒரு தாள் இருக்கும் உன் தாள்கட்டுக்குள். அதற்குக் கீழே, எனக்கும் இவ்வளவு நஷ்டம் என்று நான் ஒரு தாளை வைக்க வேண்டும், அதுதானே நீ கேட்பது? எந்த முகத்தோடு வைப்பது?

நான் கொடுக்காமல் குழாய் வராது என்று எழுதுகிறாய். நான் கொடுத்தால், ஐஸ்தான் காரணம், குழாய் நன்றாகத்தான் இருக்கிறது என்று தலைவர் எழுந்து நிற்பார். அதையும் யோசி.

தம்பி


மே 3

அன்புள்ள தம்பிக்கு,

யோசித்தேன். தலைவர் எழுந்து நிற்பார். அதில் சந்தேகம் இல்லை.

மேஸ்திரி வீட்டுக்கு மறுபடி போனேன். உன் கடிதத்தில் இருப்பதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை, பயப்படாதே. அவர் பெண் எழுந்துவிட்டாள், லீவு விடுவதற்கு முன் கடைசி வாரம் பள்ளிக்கும் போனாள். காய்ச்சலில் கொட்டிய முடி இப்போது அரை விரல் நீளம் முளைத்திருக்கிறது. யாராவது தடவிப் பார்த்தால் கையைத் தட்டிவிடுகிறாள். விட்டுப்போன பாடங்களைத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பாதான் பேச்சை எடுத்தார். "முதலாளி தாள் வந்துச்சா டீச்சர்?"

"வரல."

"அப்போ எங்க பதினாலு பேரு தாளும் நிக்காதே! வேலையில்லாத நாளுக்கு அவருதானே கையெழுத்துப் போடணும்? கம்பெனி பக்கத்துல இருந்து ஒண்ணும் வரலன்னா, 'இவனுங்க சும்மா எழுதிக் குடுத்திருக்கானுங்க'ன்னு அடிச்சிட்டுப் போயிடுவாங்க."

எனக்கு உறைத்தது. பதினான்கு தாளையும் நான் கூட்டிவிட்டேன், ஆனால் கூட்டுவது வேறு, நிரூபிப்பது வேறு. அந்தத் தாள்களை அடித்துவிட்டால் இருபத்து நான்கு லட்சம் இருபத்து மூன்றாகும்.

பிறகு நானே கேட்டேன்: "உங்களுக்கு அவர் மேல கோபம் இல்லையா?"

"இருக்கு. ஏன் இல்லாம? பொண்ணு கெடந்த கெடையில இருந்துச்சு. ஆனா டீச்சர், அவரு ஓடிப்போனதுதான் அதவிடக் கோபம். இங்க இருந்து, என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசியிருந்தாருன்னா முடிஞ்சு போயிருக்கும்."

இதை நான் சேர்த்தும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

நஷ்டம் என்று எழுதுவது கேட்பதற்கு என்று நினைக்கிறாய். நான் அதற்காக எழுதச் சொல்லவில்லை. யாருக்கும் இதில் ஒரு காசு வரப்போவதில்லை. ஒரு வெடித்த குழாய் ஓர் ஊரிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று காட்டுவதற்குத்தான் இது. அதில் உன் பங்கு விடுபட்டால், குழாய் எடுத்துக்கொண்டது குறைவு என்று ஆகிவிடும். அவ்வளவுதான்.

மே பன்னிரண்டு, காலை பத்து மணி, மன்றத்தின் மாடி அறை. இனி வற்புறுத்த மாட்டேன்.

அக்கா


மே 14

என் தம்பிக்கு,

வந்தாய், பேசினாய், போய்விட்டாய். வீட்டுப் படி ஏறவில்லை. உன் மனைவியையும் சேர்த்து மூன்று பேருக்குச் சமைத்து வைத்திருந்தேன், இரண்டு நாள் நானே சாப்பிட்டேன். இது திட்டு. இதோடு திட்டு முடிந்தது.

நீ பேசியதை உனக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனால் பேசியபோது உன் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு தாளையும் நான் படித்து முடித்தபோது தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது கடைசி வரிசையிலிருந்து, "இன்னும் ஒண்ணு இருக்கு" என்று குரல் வந்தது. திரும்பவே தேவையில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. மிஷின் எண்ணெய்க் கறை போகாத சட்டையோடு நீ முன்னால் நடந்து வந்தாய். வழிவிட்டவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீ அதைப் பார்த்தாய், இருந்தும் நடந்தாய்.

தாளை மேஜைமேல் வைப்பாய் என்று நினைத்தேன். நீ படித்தாய். எழுபத்தோரு நாள் மூடியது. கெட்டுப்போன சரக்கு. விற்ற வேன். பதினான்கு பேருக்குக் கொடுத்த பாதிச் சம்பளம், கொடுக்காத பாதிச் சம்பளம், இரண்டும் தனித்தனியாக. மொத்தம் ஐந்து லட்சத்து எண்பத்தையாயிரம். அதோடு உட்கார்ந்திருக்கலாம். நீ உட்காரவில்லை. மேல்தொட்டியைப் பற்றிச் சொன்னாய். வாளியைப் பற்றியும் மூன்று நாளைப் பற்றியும் சொன்னாய். உன் கையால் ஐஸ் உடைத்துக் கொடுத்ததைச் சொல்லும்போது மட்டும் தாளைப் பார்க்காமல் மேஸ்திரியைப் பார்த்துச் சொன்னாய்.

நாம் நினைத்தபடியே தலைவர் எழுந்தார். "அப்போ தப்பு உங்க மேலதானேங்க? நீங்களே ஒத்துக்கிட்டீங்களே. இதுல குழாய ஏன் இழுக்குறீங்க?"

"பாதித் தப்பு என்னோடதுங்க," என்றாய். "என் தொட்டிக்கு மூடி போடச் சொல்லியாச்சு, என் பாதிய நான் சரி பண்ணிக்கிறேன். ஆனா அந்தத் தண்ணி என் வீட்டுக் கிணத்துல இருந்து வரல. உங்க பாதி இன்னும் மண்ணுக்குள்ள கெடக்கு. அத யாரு சரி பண்றது?"

அப்படியே திரும்பி நடந்துவிட்டாய். தோற்றுவிட்டோம் என்று நினைத்திருப்பாய். பின்னால் கதவு சாத்தியதும் நடந்தது உனக்குத் தெரியாது. கேள்.

முதலில் தையல்காரி எழுந்தாள். "அவரு பாதிய அவரு வாயாலயே சொல்லிட்டாரு. மன்றத்துல யாராவது உங்க பாதியச் சொல்லுங்க, கேப்போம்" என்றாள். மன்றத்தின் பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டு, மூன்று வருஷமாக அந்தக் குழாயைப் பற்றித் தான் எழுதிய குறிப்பு கோப்பில் கிடக்கிறது என்று சொன்னார். கேட்காமல் சொன்னார், தம்பி. நீ சொன்ன பிறகுதான் அவருக்கு வாய் வந்தது.

முப்பது லட்சத்து இருபத்தையாயிரம் என்று கரும்பலகையில் எழுதினேன். பக்கத்தில் இருபத்தாறு. விளக்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். வாக்கெடுப்பில் பதினேழு உறுப்பினர் கைகளில் பதிமூன்று குழாய்க்காக உயர்ந்தன. தலைவர் கை பன்னிரண்டாவதாக உயர்ந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

படி இறங்கும்போது ஜூஸ் கடைக்காரர் சொன்னார்: "இவ்வளவு நாள் கண்ணாடிக்காரரு, கண்ணாடிக்காரருன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம். இன்னைக்குத்தான் டீச்சர் உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுது."

இத்தனை வருஷம் எத்தனையோ பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டவள், அன்றைக்கு எழுத எனக்கு எண் கிடைக்கவில்லை.

அக்கா


மே 20

அக்கா,

வீட்டுக்கு வராததற்குக் காரணம் கோபம் இல்லை. நான்கு மணி பேருந்தைப் பிடிக்காவிட்டால் இங்கே ஒரு நாள் சம்பளம் போயிருக்கும். அதற்கும் நீ ஒரு தாள் போட்டிருப்பாய்.

இன்னொரு காரணமும் உண்டு. பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது பின்னால் மேஸ்திரி ஓடி வந்தார். இருவரும் ஒரு கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வந்து ஆறிப்போனது. நான் பேச வேண்டியதைப் பேசினேன். அவர் திட்ட வேண்டியதைத் திட்டினார். நன்றாகவே திட்டினார், அரைமணி நேரம். பிறகு, "எப்ப வர்றீங்க? அச்சு மூழ்குற உப்புத் தண்ணி டேங்க் துருப்பிடிச்சுக் கெடக்கு, ஒரு வாரம் சுரண்டணும்" என்றார். பேருந்து வந்துவிட்டது.

இங்கே கணக்கை முடித்துக்கொண்டேன். முதலாளி, "போறீங்களா?" என்றார். முதல் முறையாக மரியாதை கொடுத்துக் கூப்பிட்டார், போகிற நேரத்தில்! அந்தச் சோதனைக் குழலையும் மருந்தையும் எங்கே வாங்குவது என்று அவரிடமே கேட்டேன். ஒரு பெட்டி கொடுத்தார். விலை வாங்கவில்லை.

ஆய்வாளருக்கு எழுதிவிட்டேன். ஜூன் முதல் தேதி வந்து தொட்டியைப் பார்த்துவிட்டுச் சீலை எடுக்கிறாராம். ஜூஸ் கடைக்காரர் ஒருவர் இப்போதே ஃபோன் செய்து, வாடை வருமா என்று கேட்டார். வரும் என்றேன். லேசாக வரும், அது வந்தால்தான் ஐஸ், வராத ஐஸ் வேண்டுமென்றால் என்னிடம் இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்து, "இருபது பார் போடுங்க" என்றார்.

நம் தெருவில் குழாய்க்குத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்களாமே, என் மனைவி சொன்னாள். பழைய குழாயின் அந்த வெடித்த துண்டை எடுத்தால் தூக்கிப் போட விடாதே. நான் பார்க்க வேண்டும்.

ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்குக் கேட்டில் அறுபது பேர் நிற்பார்கள், அதற்கும் மேலேகூட நிற்கலாம். நீ ஒரு பத்து நிமிஷம் முன்னால் வந்துவிடு. கூட்டத்தில் நிற்காதே, உள்ளே வந்து என் பக்கத்தில் நில். இம்முறை நான் சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன்.

தம்பி